சும்மா வராதே சாமி, சோலியா வா

ஒட்டகத்து மேல நீ உக்காந்திருக்கற போட்டோவ உங்கொம்மா காட்டுனா, கண்ணு. ஒட்டகம் நல்லா இருந்துது. நீயும் பரவால்ல.

ஜெய்சல்மேர் முட்டும் பிளேன்ல போயி, அங்கிருந்து 40 கிலோமீட்டர் ஜீப்புல குலுங்கி, சாம்ங்கற எடத்துல மணல்மேட்டப் பாத்துட்டு வந்திருக்கறே. வருசத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பேயாத சீமை. தண்ணி இல்லாத ஊரக் காட்டிக் காசு வாங்கலாம்ங்கற ரோசனை நம்ம காங்கயத்துக்காரனுக்கு இத்தனை தலைமுறையாத் தோணுல பாரு. தோணியிருந்தா கெணறு வெட்டிக் கெட்டதுக்குப் பதிலா, வெட்டாத காட்டுக்கு டிக்கெட்டுப் போட்டுப் பொழச்சிருப்போம்.

அந்த ஊர்லயும் பாக்கறதுக்கு இருக்கறதெல்லாம் ஊருக்கு வெளியிலதானாமா. வடக்கால படா பாக்குன்னு ராசாக்களுக்குக் கட்டுன நெனவு மண்டபம், அதச் சுத்தியும் காத்தாடி. இன்னொரு பக்கம் குல்தரான்னு ஒரு ஊரு, சனம் பூராவும் ஒரே ரவையில காலி பண்ணிட்டுப் போயிருச்சுங்கறாங்க. அப்பறம் மழைத்தண்ணியத் தேக்க ராசா வெட்டுன ஏரி ஒண்ணு. இத்தனையும் கேட்டுப்போட்டு எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்குல. சமாதி, காத்தாடி, சனம் போன ஊரு, தண்ணிக்கு ஏங்குற ஏரி. இதுக்கு எதுக்கு சாமி ராஜஸ்தான்? காங்கயத்துல பஸ்ஸ விட்டு எறங்கி எந்தத் தெசையில போனாலும் இதெல்லாம் வந்துருமே!

"உங்கூர்ல பாக்கறதுக்கு என்ன அப்பிச்சி இருக்குது"ன்னு போன்ல கேட்டே. லீவுக்கு வாரேன்னும் சொன்னே. வா. சித்திரையில வா, வெயில் நல்லாக் காயும், உனக்குத்தான் அது புடிக்குதே. ஆனா சும்மா பாக்கறதுக்குன்னு வராதே. ஏதாச்சும் ஒரு சோலியா வா. வேடிக்கை பாக்க வாரவனுக்கு இந்தச் சீமையில வேலாமுள்ளும் பொடிக்கல்லும் தவிர ஒண்ணும் தட்டுப்படாது. ஆடு வாங்க வந்தவனுக்குத்தான் ஆடு நிக்கற காடு தெரியும், காட்டுக்காரன் தெரிவான், அவனூட்டு மோரு எப்புடின்னு தெரியும்.

அதோட நம்ம சனத்தப் பத்தியும் உனக்குத் தெரியாது. இட்டேரியில கார நிறுத்திப்போட்டு அக்கட்டயும் இக்கட்டயும் பாத்துட்டு நின்னீன்னா, கொஞ்ச நேரத்துல ஒரு மொபெட் வந்து நிக்கும். "ஆரு ஊட்டுப் பையன் தம்பி, என்ன சோலி?"ன்னு கேப்பாங்க. "சும்மா, பாக்கறதுக்கு"ன்னு வாயத் தொறந்துறாதே. சும்மா பாக்கறதுக்குன்னு இந்தப் பக்கம் ஆரும் வந்ததில்ல. நெலம் பேச வந்த புரோக்கரா, காத்தாடிக்கு அளக்க வந்தவனா, ரவையில கல்லுத் தோண்ட எடம் பாக்கறவனா, இந்த மூணுல நீ எதுன்னுதான் கணக்குப் போடுவாங்க. மூணுக்கும் மூணு மரியாதை. மூணாவதுக்குக் கெடைக்கறத உன்ற ஒடம்பு தாங்காது.

கல்லுன்னா ரத்தினக்கல்லு. திருப்பூர்ல இருந்து வாரப்போ படியூர்ன்னு ஒரு ஊரு வரும். வேகத்தடையத் திட்டிட்டே தாண்டிருவே. அந்த ஊரு மண்ணுல வெளைஞ்ச பெரில் கல்லு, நீலமும் பச்சையுமாக் கலந்த கல்லு, கப்பலேறி ரோமாபுரிக்குப் போயிருக்கும்ங்கறாங்க ஆராய்ச்சிக்காரங்க. 1820 வாக்குல வெள்ளைக்காரனும் அங்க தோண்டி எடுத்தான். ரோமாபுரிக்காரன் ஓசியில வாங்குல. அவன் குடுத்த காசு 1842-ல வெள்ளலூர்ல குவியலாக் கெடைச்சுது. இப்பவும் வெள்ளலூர்ல குவியல் இருக்குது, போயிப் பாரு, கோயமுத்தூர்க் குப்பை பூராவும் அங்கதான் கெடக்குது.

மொதல்ல சிவன்மலை. இதுக்கு நீ சோலி தேட வேண்டியதில்ல, உங்க அமிச்சி வேண்டுதல் வெச்சிருக்கறா. அவளக் கார்ல ஏத்திக்கிட்டு ரோட்டு வழியா மேல போயிரு. அருணகிரிநாதர் பாடுன பட்டாலி இந்த மலைதான். சாமி கும்பிட்டாப் பொறவு அங்க ஒரு கண்ணாடிப் பொட்டி இருக்கும், அதப் பாரு. ஆண்டவன் உத்தரவுப் பொட்டின்னு பேரு. எங்கியோ இருக்கற ஒரு பக்தன் கனவுல முருகன் வந்து, "இன்ன சாமான வெச்சுப் பூசை பண்ணு"ம்பாரு. அவன் வந்து கோயல்ல சொல்லோணும். சாமிகிட்டப் பூப்போட்டுக் கேப்பாங்க. உத்தரவு கெடைச்சா அந்தச் சாமான் பொட்டிக்குள்ள போகும். அடுத்தவன் கனவுல அடுத்த சாமான் வார முட்டும் அங்கயே இருக்கும். அது ஒரு நாளாவும் இருக்கலாம், மாசக்கணக்காவும் இருக்கலாம். மண்ணு, தண்ணி, வில்லு அம்பு, ரூவாய் நோட்டு எல்லாம் அதுக்குள்ள இருந்திருக்குது. தண்ணி வெச்சப்போ சுனாமி வந்துதும்பாங்க. மஞ்சள் வெச்சப்போ ஈரோட்டு மார்க்கெட்டுல வெலை ஏறுச்சும்பாங்க. வெச்சும் ஒண்ணும் ஆகாமப் போன சாமானப் பத்தி ஆரும் பழமை பேச மாட்டாங்க. நீ ரவையும் பகலும் போன்ல பாக்கறியே, அந்தப் பங்குச்சந்தை ஆளும் இப்புடித்தானே? என்ன, பொட்டி கமிசன் கேக்கறதில்ல.

கீழ எறங்குன ஒடனே டீக்கடையில, "பொட்டியில என்ன தம்பி வெச்சிருக்குது?"ன்னு கேப்பாங்க. கரெக்டாச் சொல்லோணும். முழிச்சீன்னா நீ மலைக்கே போகுல, கீழயே கார்ல ஏசியப் போட்டுட்டுத் தூங்குனேன்னு முடிவு கட்டிருவாங்க.

தெக்கால தாராபுரம் ரோட்டுல ஊதியூர் மலை. கொங்கணச் சித்தர் குகையில உக்காந்து நெருப்பூதிப் பொன்னு செஞ்சாருங்கறது கதை. பொன்னு செய்யத் தெரிஞ்சவரு எதுக்கு இந்தக் காட்டுல வந்து கஞ்சி குடிச்சாருன்னு கேக்காதே, மலைமேல இருக்கறவங்களுக்குக் கோவம் வந்துரும். மூணு நாலு வருசத்துக்கு முன்னால ஒரு சிறுத்தையும் அங்க வந்து தங்கி, ஆட்டையும் கன்னுக்குட்டியையும் புடிச்சுத் தின்னுட்டு இருந்துது. இப்ப உனக்குக் கண்ணுல படப்போறது மயிலு மட்டுந்தான். படம் புடிச்சுக்கோ. ஆனா பக்கத்துல தக்காளி போட்டவன் நின்னான்னா மயிலப் பாத்து "அழகா இருக்குதுங்"ன்னு சொல்லிப்போடாதே. அவன் திட்டறதக் கேட்டா முருகனே வாகனத்த மாத்திருவாரு.

இப்ப கொறங்காட்டுக்கு வா. இதத்தான் நிதானமாப் பாக்கோணும்.

வெளியில நின்னு பாத்தா முள்ளுவேலி போட்ட தரிசு. நெலம் வாங்க வாரவன் எல்லாம் அப்புடித்தான் சொல்லுவான், அப்பத்தான வெலைய அடிச்சுக் கேக்கலாம். ஆனா அது பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து கணக்குப் போட்டு வெச்ச மேய்ச்சக்காடு. சுத்தியும் கிளுவை வேலி. கிளுவைக் குச்சிய ஒடிச்சு நட்டாப் போதும், தானே வேர் புடிச்சு வேலியாகிரும். கம்பியும் வேண்டாம், கல்லுக்காலும் வேண்டாம். உள்ளார கொழுக்கட்டைப் புல்லு, நடுவால நடுவால வெள்வேலான் மரம். மேக்க இருக்கற மலை, தென்மேற்குப் பருவ மழைய கேரளாக்காரனுக்குக் குடுத்துப்போட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியா வெறுங்காத்த நமக்கு அனுப்புது. வருசத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் பேஞ்சாப் பெரிசு. அதுல பாதி ஐப்பசி கார்த்திகையில கொட்டிட்டுப் போயிரும். இந்த மழைக்கு ஏத்த வெள்ளாமை புல்லுதான். சித்திரையில நீ பாக்கறப்போ காஞ்சு பழுப்பேறித் தரையோட படுத்திருக்கும். செத்துப்போச்சுன்னு நெனப்பே. காலால நிமிண்டித் தூரப் பாரு, உள்ளார உசுரு இருக்கும். ஒரு மழை உழுந்தாப் போதும், அதுக்கு. ஒரு காட்டுல மேய விட்டு, அது மொட்டையாகறதுக்குள்ள அடுத்த காட்டுக்கு மாத்தி, பழைய காட்டுக்கு ஓய்வு குடுக்கறதுதான் அந்தக் கணக்கு. ஆட்டுக்குப் புல்லு பத்தாதப்போ வெள்வேலாங்காய் உதுரும். இதுக்கெல்லாம் புத்தகம் கெடையாது, மாமியாருட்டச் சண்டை போட்டுட்டு ஆடு மேய்க்கப் போன பொம்பளைகளுக்கு மனப்பாடம்.

அந்தக் காஞ்ச புல்லத் தின்னுட்டுத்தான் காங்கயம் மாடு இத்தாச்சோடு திமிலோட நிக்குது. கன்னு பொறக்கறப்போ செவலையா இருக்கும். ஆறு மாசம் போச்சுன்னா நெறம் மாறி மயிலையாகிரும். காளைக்கு வயசு ஏற ஏற கழுத்தும் திமிலும் கருத்துட்டு வரும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தெரிஞ்செடுத்து வளத்த இனம். 2000-ல தபால்தலையிலயே போட்டாங்க. குட்டப்பாளையத்துல இந்த மாட்டுக்குன்னே ஒரு ஆராய்ச்சி மையம் இருக்குது. இத்தனை பேரு இருக்குது, ஆனா காட்டுக்காரன் ஒருத்தன் ஒருத்தனா மாட்ட வித்துட்டு, கொறங்காட்டையும் வித்துட்டு இருக்கறான்.

உள்ளார போனா படலச் சாத்து. வெளிய வந்தாலும் சாத்து. நீ காளையோட நின்னு போட்டோ எடுத்து, அது நல்லால்லீன்னு இன்னொண்ணு எடுக்கறதுக்குள்ள, படலுத் தெறந்து கெடந்தா மிச்ச மாடெல்லாம் பக்கத்துத் தோட்டத்து மக்காச்சோளத்துல நிக்கும். அப்பறம் ரெண்டு தலைமுறைக்கு ஓரியாட்டம். உனக்கென்ன, நீ சரவணம்பட்டிக்குப் போயிருவே, பொழுதானா தெண்ணையில உக்காந்து வசவு கேக்கறது நான்.

காத்தாடி பாக்கோணும்ன்னா ஆடிக்குத்தான் வரோணும். சித்திரையில அது நம்மூட்டுப் பெருசுக மாதிரி நின்ன எடத்துல நின்னுட்டுக் கெடக்கும். தாராபுரம், உடுமலை, பல்லடம் எங்க பாத்தாலும் காத்தாடி, இப்ப அதுக்குக் கீழ சோலார் பலகையும் வருது. ஒரு காத்தாடி அடியில காவக்காரர் இருந்தா நின்னு பேசு. அந்தக் காடு மின்ன ஆருதுன்னு கேளு. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "நம்முளுதுதானுங்"ம்பாரு. நான் சொன்னேன்னு சொல்லாதே.

தண்ணி பாக்கோணும்னு ஆசையா? அணையே ரெண்டு இருக்குது. வெள்ளக்கோயில் பக்கம் வட்டமலைக்கரை ஓடை அணை. 1980 வாக்குல கட்டுனது. கரை இருக்குது, மதகு இருக்குது, ஷட்டரு இருக்குது. தண்ணிதான் இல்ல. இருபத்தஞ்சு வருசம் போல வறண்டு கெடந்து, 2021 கடைசியில பரம்பிக்குளம் ஆழியாத் தண்ணிய வாய்க்கால்ல விட்டப்போ சனம் பூத்தூவிக் கும்பிட்டுது. அணைக்குப் பக்கத்துல வாழ்க்கைப்பட்டு வந்த பொண்ணு, தன் மவனுக்குப் பொண்ணு தேடற வயசுலதான் அதுல தண்ணியப் பாத்தா.

இன்னொண்ணு ஒரத்துப்பாளையம். நொய்யல் மேல 1992-ல, 16 கோடி ரூவா வாக்குல செலவு பண்ணி, பத்தாயிரம் ஏக்கருக்குப் பாசனம்னு சொல்லிக் கட்டுனாங்க. இதுக்குத் தண்ணி வந்துது. திருப்பூர்ல அந்த வாரம் எந்த நெறத்துப் பனியன் ஓடுதோ அந்த நெறத்துல வந்துது. சாயத்தண்ணி தேங்கி, சுத்துவட்டாரத்துக் கெணறெல்லாம் உப்பாகி, தென்னை கருகி, மாடு வாய் வெக்காமப் போச்சு. அணையில தண்ணி தேக்க வேண்டாம்னு விவசாயியே கோர்ட்டுப் படியேறுன கதை இதுதான். 2011 சனவரியில சாயப்பட்டறை அத்தனையும் மூடச் சொல்லி ஐகோர்ட்டு உத்தரவு போட்டுது. சுத்திகரிச்சு ஒரு சொட்டுக்கூட ஆத்துல விடாம ஓட்டறதா இருந்தா ஓட்டுன்னுதான் பொறவு தெறந்தாங்க. தண்ணி வராத அணை, வந்த தண்ணிய வேண்டாம்னு சொன்ன அணை, ரெண்டையும் மத்தியானச் சோத்துக்குள்ள பாத்துறலாம். அப்புடி இன்னொரு ஊரு எங்க இருக்குதுன்னு உன்ற கூகுளக் கேளு. அங்க ஆராச்சும் குடிக்கத் தண்ணி குடுத்தா, கேன் தண்ணியான்னு கேட்டு மானத்த வாங்காதே. கேன் தண்ணிதான்.

அங்கிருந்து பக்கம், நொய்யலுக்கு வடகரையில கொடுமணல். போனா ஒண்ணும் இருக்காது, இப்பவே சொல்லிப்போடறேன். பதிற்றுப்பத்துல கொடுமணம்னு பேரு வார ஊரு. 1985-ல தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரங்க தோண்ட ஆரம்பிச்சு, அப்பறம் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம், தொல்லியல் துறைன்னு விட்டு விட்டுத் தோண்டுனாங்க. இரும்பு உருக்குன உலை, கல்லறுத்து மணி செஞ்ச பட்டறை, ஆளு பேரு கீறுன பானையோடு எல்லாம் கெடைச்சுது. குஜராத்துப் பக்கத்துச் சூதுபவளம், ஆப்கானிஸ்தான் பக்கத்து நீலக்கல்லு, சாதிக்கல்லு பதிச்ச குட்டியூண்டு வெங்கலப் புலி. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால ஏற்றுமதி பண்ணுன ஊரு, திருப்பூரு பனியன் தைக்கக் கத்துக்கறதுக்கு முன்ன. அதெல்லாம் வண்டியேறிப் போயிருச்சு, குழியையும் மூடிப்போட்டாங்க. மேல நிக்கறது கல்வட்டமும் நெடுகல்லும்தான். படா பாக்குல எந்த ராசாவுக்கு எந்த மண்டபம்னு எழுதி வெச்சிருக்கும். இங்க ஆருக்கு நட்ட கல்லுன்னு அந்தக் கல்லுக்கே தெரியாது, வெள்ளாட்டுக் குட்டி ஏறி வெளையாடும்.

ஆனா குழியில மண்ணள்ளிச் சலிச்ச பொம்பளைக ஊர்ல இருக்கறாங்க. பேராசிரியருங்க புத்தகத்துல எழுதுனத அவுங்க கையில புடிச்சவங்க. சல்லடையில கல்லுப்பொடியும் மணியும் ஒண்ணாத்தான் தங்கும், ஈரத்துணியில தொடச்சா எது மணின்னு தெரிஞ்சுரும்னு வெரல ஆட்டிக் காட்டுவாங்க. சும்மா போயி நின்னு கேட்டா, "எங்குளுக்கு ஒண்ணும் தெரியாதுங்"ம்பாங்க. கலியாணப் பத்திரிகைய நீட்டி, வெத்தலபாக்கு வெச்சு, குடுத்த காப்பியக் குடிச்சாத்தான் அந்த வெரலு ஆடும்.

பத்திரிகைன்னு சொன்னதும் ஞாபகம் வருது. உன்ற மாமன் புள்ளைக்கு வைகாசியில கலியாணம். மொறைக்கு நீ கட்டியிருக்கோணும், நீ ஒட்டகம் ஏறப் போயிட்டே, அது கெடக்கட்டும். ஒரு பை நெறையப் பத்திரிகை கட்டி வெச்சிருக்கறேன். வாட்ஸ்அப்புல அனுப்புனா நம்ம ஒறம்பரையில ஒருத்தரும் வர மாட்டாங்க, ஊட்டுக்குப் போயிக் கையில குடுத்து வாயால சொல்லோணும். கொடுமணல்ல மூணு ஊடு, ஒரத்துப்பாளையத்துல ரெண்டு, வெள்ளக்கோயில்ல நெறைய, ஊதியூர்ல ஒண்ணு. நீ பாக்கோணும்னு கேட்ட எடத்துலயெல்லாம் நமக்குச் சொந்தம் இருக்கறது உன்ற அதிர்ஷ்டம்.

போற வழிதான் சென்னிமலை. 1984-ல ரெட்டை மாட்டு வண்டி 1,320 படியும் ஏறிப் போன மலை, நீ கார்லயே போ, மாடு ஒண்ணும் நெனச்சுக்காது. கீழ கடைவீதியில பெட்சீட்டு வாங்கியாரோணும், மாப்பளை வீட்டுக்காரங்களுக்கு வெக்கறதுக்கு. கைத்தறியான்னு கேட்டு வாங்கு. எல்லாருமே கைத்தறின்னுதான் சொல்லுவாங்க, நீ ஓரத்தத் திருப்பிப் பாக்கற மாதிரி பாரு, ஒண்ணும் தெரியாட்டியும் வெலை கொறையும்.

கடைசியாக் கண்ணபுரம். சித்திரையில மாரியம்மன் கோயல் நோம்பி, அதையொட்டி மாட்டுச்சந்தை. மைதானம் பூராவும் காங்கயம் மாடு. வெடியால வெயிலுக்கு முன்ன போயிரு. சாட்டை, சலங்கை, மூக்கணாங்கயிறு விக்கற கடை வரிசையாப் போட்டிருப்பான், நமக்கு ரெண்டு கயிறு வேணும். மாட்டு வாயத் தெறந்து பல்லு எண்ணுவாங்க, ரெண்டு பல்லா, நாலு பல்லான்னு. முதுகுல மயிரத் தடவிச் சுழி பாப்பாங்க. சுழி சரியில்லீன்னா எத்தாச்சோடு காளையா இருந்தாலும் வெலை படுத்துரும். சாதகம் பாத்துப் பொண்ணு கேக்கறவங்க அங்கதான் பழகிட்டு வாராங்களோ என்னமோ.

நடுவால ரெண்டு பேரு கையக் கோத்து மேல துண்டப் போட்டுட்டு நிப்பாங்க. வாயி பேசாது, மொகத்துல ஒண்ணும் தெரியாது. துண்டுக்குள்ள வெரலு பேசும். எந்த வெரலப் புடிச்சா ஆயிரம், எந்த வெரலப் புடிச்சா பத்தாயிரம்னு புடிச்சவனுக்கும் குடுத்தவனுக்குந்தான் தெரியும். ஒருத்தன் கைய உருவுவான், தலைய ஆட்டுவான், நாலெட்டு நடப்பான். தரகன் போயித் தோள்ல கை போட்டு மறுக்காக் கூட்டியாருவான். அடுத்தவன் என்ன வெலை கேட்டான்னு பக்கத்துல நிக்கறவனுக்குக்கூடத் தெரியாது. நீ கிட்ட நின்னு போனத் தூக்கி வீடியோ எடுத்தீன்னா வெலை ஒடைஞ்சு ரெண்டு பேரும் உன்மேல பாய்வாங்க. அதனால வெறுங்கையோட போகாதே, நம்ம கொறங்காட்டுல நிக்கற மயிலைக் கெடாரிய டெம்போவுல ஏத்திட்டுப் போ. கயித்தப் புடிச்சுட்டு நின்னீன்னா நீ யாவாரி, ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, துண்டுக்குள்ள உன்ற கையையும் கூப்புடுவாங்க. வெரல மட்டும் ஆட்டாம வெச்சுக்கோ. கூச்சத்துல நெளிஞ்சீன்னா அதையும் ஒத்துக்கிட்டேன்னு கணக்குல எடுத்துக்குவாங்க.

கெடாரி வித்த காச முழுசா எங்கையில குடுத்துரு. டெம்போ வாடகை, காருக்கு டீசலு, உங்கமிச்சிக்கு எளநீ, அதெல்லாம் மாப்பளைகிட்ட வாங்கிக்கோ. உங்கொம்மாளுக்குச் செஞ்ச சீர்ல இன்னும் பாக்கி இருக்குதுன்னு அவரு எந்நேரமும் சொல்லிட்டுத்தான் இருக்கறாரு, இதையும் அந்தக் கணக்குலயே எழுதிக்கச் சொல்லு.